பெட்டிக்குள் இருந்த கூப்பன்: அமெரிக்க வீடியோ கேம் வணிகத்தில் ஒரு பூசல்

ஒரு படைப்பை வெளியிடுபவருக்கும் அதைக் கடையில் வைத்து விற்பவருக்கும் இடையே, பொருள் கைமாறிய பின்னும் அதன்மீது யாருடைய சொல் செல்லும் என்ற வழக்கு அமெரிக்காவில் நூறாண்டுக்கும் பழையது. பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம், ஒரு டாலருக்குக் குறைத்து விற்கலாகாது என்ற அறிவிப்பைத் தன் நாவல் ஒன்றிலேயே அச்சிட்டிருக்க, நியூயார்க்கின் மேசிஸ் கடை அதை 89 செண்டுக்கு விற்றது. முதல் விற்பனையோடு பதிப்பாளரின் பிடி தளர்ந்துவிடுகிறது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1908-இல் தீர்ப்பளித்தது. வாங்கியவர் தன் பிரதியை விருப்பம்போல் மறுவிற்பனை செய்யலாம் என்ற இந்த முதல் விற்பனைக் கோட்பாட்டின் மேல்தான், பின்னாளில் பழைய வீடியோ கேம்களை வாங்கி விற்கும் பெருவணிகமும் எழுந்தது.

அவ்வணிகத்தின் தலையாய நிறுவனம் டெக்சாஸைச் சேர்ந்த கேம்ஸ்டாப். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் மொத்த லாபத்தில் கிட்டத்தட்டப் பாதி பழைய விளையாட்டுகளிலிருந்தே வந்தது. அந்த மறுவிற்பனையில் வெளியீட்டு நிறுவனங்களுக்கு ஒரு காசும் போகாது. சட்டத்தின் வழியே தடுக்க முடியாததை அந்நிறுவனங்கள் காகிதத்தின் வழியே தடுக்க முனைந்தன. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2010-இல் கொண்டுவந்த ‘ஆன்லைன் பாஸ்’ முறையில், புதுப் பெட்டிக்குள் ஒருமுறை மட்டுமே பயன்படும் குறியீட்டு எண் இருக்கும்; அதே வட்டைப் பழையதாக வாங்குபவர் இணையம் வழியே பிறரோடு விளையாட வேண்டுமானால் தனியாக 10 டாலர் கட்ட வேண்டும். கணினி விளையாட்டுகளில் வேறொரு சிக்கலும் இருந்தது. 2009-இல் வெளிவந்த ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ ஸ்டீம் என்ற இணைய விற்பனைத் தளத்தின் மென்பொருள் இல்லாமல் இயங்காது என்றானபோது, டைரக்ட்2டிரைவ், இம்பல்ஸ், கேமர்ஸ்கேட் ஆகிய போட்டித் தளங்கள், தங்கள் வாடிக்கையாளரைத் தாங்களே எதிராளியின் வாசலில் கொண்டுபோய் விட மாட்டோம் என்று அதை விற்கவே மறுத்தன.

2011 ஆகஸ்டில் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் ‘டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்’ விளையாட்டை வெளியிட்டபோது, அதன் சாதாரணக் கணினிப் பதிப்பின் பெட்டிக்குள் ஒரு கூப்பனும் வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலுள்ள கணினியில் விளையாட்டை ஓடவிட்டு அதன் காட்சியை மட்டும் வீட்டுத் திரைக்கு அனுப்பும் ஆன்லைவ் சேவையில், அதே விளையாட்டை இலவசமாகப் பெற்றுக்கொள்ள அது வழிசெய்தது. கேம்ஸ்டாப்போ அதே ஆண்டில்தான் இம்பல்ஸ் தளத்தையும் ஸ்பான் லேப்ஸ் என்ற நிறுவனத்தையும் வாங்கி, இதே போன்ற சேவையைத் தானும் தொடங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. பெட்டிகளைத் திறந்து கூப்பனை எடுத்து எறிந்துவிடுமாறு அது தன் ஊழியர்களுக்கு அனுப்பிய உத்தரவு வெளியே கசிந்தது. போட்டியாளரின் கூப்பன் தனக்கு முன்னறிவிப்பின்றி வைக்கப்பட்டது என்று விளக்கம் சொன்ன நிறுவனம், எதிர்ப்பு வலுத்ததும் அப்பதிப்பைக் கடைகளிலிருந்தே திரும்பப் பெற்றது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு 50 டாலர் பரிசு அட்டையும், இரண்டு பழைய விளையாட்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகையும் அளித்தது.

கடைக்காரரின் மனக்குறையில் நியாயம் உண்டு. தன் அலமாரியில் இடம் கொடுத்து, தன் ஆட்களைக் கொண்டு விற்கும் பெட்டிக்குள்ளேயே தன் போட்டியாளரின் அழைப்பு ஒளிந்திருப்பதை எந்த வணிகரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அந்தக் குறையை வெளியீட்டு நிறுவனத்திடம் பேசித் தீர்த்திருக்க வேண்டும், அல்லது சரக்கை அப்படியே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பிந்தியதை அது கடைசியில் செய்யத்தான் செய்தது, முதலிலேயே செய்திருந்தால் யாருக்கும் இழப்பில்லை. உறை பிரிக்கப்பட்டு, உள்ளிருந்த ஒன்று அகற்றப்பட்ட பெட்டியைப் புதியது என்று விற்றபோது, இவ்விரு நிறுவனங்களின் பூசலில் எந்தப் பங்கும் இல்லாத வாடிக்கையாளரின் உடைமையே குறைக்கப்பட்டது. முதல் விற்பனைக் கோட்பாடு கடைக்காரருக்கு மறுவிற்பனை உரிமையைத் தந்ததே அன்றி, குறைத்த பொருளை முழுப்பொருளாகக் காட்டும் உரிமையைத் தரவில்லை.

எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2013-இல் ஆன்லைன் பாஸைக் கைவிட்டது. ஸ்பான் லேப்ஸ் 2014-இல் மூடப்பட்டது. ஆன்லைவ் 2015 ஏப்ரல் 30 அன்று தன் சேவையை நிறுத்தியது.