இன்சூரன்ஸ் பேப்பர் யாருக்கு?



எங்க ஊர்ல வண்டி இன்சூரன்ஸ் எதுக்குன்னு பத்துப் பேரைக் கேட்டா ஒன்பது பேர் "செக்கிங்ல காட்டுறதுக்கு"ன்னு சொல்வாங்க. போலீஸ் நிக்கிறது தெரிஞ்சா தோட்டத்து வழியா சுத்திப் போயிடுவாங்க. பட்டணத்துல இருக்குற உங்களைக் கேட்டா "கார்ல கீறல் விழுந்தா சரி பண்ணிக்கலாம்"னு சொல்வீங்க. ரெண்டும் பாதி பதில்தான். சட்டம் கட்டாயமாக்கின இன்சூரன்ஸ் வண்டிக்காரருக்கே இல்லை. ரோட்டுல நடந்து போறவருக்கு. அது எப்படி வந்துச்சு, இன்னைக்கும் யாரை விட்டுட்டு நிக்குதுங்கறதைத்தான் இந்தத் தடவை எழுதுறேன்.

முதல்ல பழைய கதை. இந்தியா முழுமைக்கும் ஒரே மோட்டார் சட்டம் 1914ல் வந்தது. வண்டியைப் பதிவு பண்ணணும், ஓட்டுறவர் லைசென்ஸ் வாங்கணும், இஷ்டத்துக்கு வேகமாப் போகக் கூடாது. இந்த மாதிரி விஷயங்கள்தான் அதுல இருந்தது. மோட்டார் அடிச்சுச் செத்துப் போனவர் வீட்டுக்கு யார் காசு கொடுக்கிறதுங்கற பேச்சு அதுல இல்லை.

அப்போ செத்தவர் குடும்பம் என்ன பண்ணும்? 1855ல் வெள்ளைக்காரன் போட்ட ஒரு சட்டம் இருந்தது. அதை வெச்சு சிவில் கோர்ட்ல கேஸ் போடலாம். கோர்ட் கட்டணம் கட்டணும், வக்கீல் வைக்கணும், டிரைவர் மேலதான் தப்புன்னு நிரூபிக்கணும். மாட்டு வண்டி ஓட்டிக்கிட்டு இருந்த குடும்பம் இதையெல்லாம் எங்கே பண்ணும்? தப்பித் தவறி ஜெயிச்சாலும் வண்டிக்காரன் கையில காசு இல்லைன்னா தீர்ப்பு வெறும் காகிதம்தான்.

இங்கிலாந்துல இதே தொல்லை பெருசாகி, 1930ல் ஒரு சட்டம் போட்டாங்க. வண்டியை ரோட்டுக்குக் கொண்டு வரணும்னா, அதால அடிபடுறவங்களுக்காக இன்சூரன்ஸ் எடுத்தே ஆகணும்னு சொன்னாங்க. அதைப் பார்த்து இந்தியாவுல 1939ல் புது மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதுல இன்சூரன்ஸுக்குன்னே ஒரு அத்தியாயம் இருந்தது. ஆனா அந்த அத்தியாயம் மட்டும் உடனே அமலுக்கு வரலை. உலகப் போரெல்லாம் முடிஞ்ச பிறகு, 1946 ஜூலை 1ல்தான் வந்தது. நம்ம சென்னை மாகாணத்துலயும் அன்னைக்கு இருந்துதான் இன்சூரன்ஸ் இல்லாம மோட்டார் ஓட்டுறது குற்றம் ஆச்சு. அதாவது சுதந்திரத்துக்கு ஒரு வருஷம் முந்தி.

'தேர்டு பார்ட்டி'ன்னு சொல்றோமே, அந்த மூணாவது ஆள் யாருன்னு பலருக்குத் தெரியாது. முதல் ஆள் வண்டிக்காரர். ரெண்டாவது ஆள் இன்சூரன்ஸ் கம்பெனி. இவங்க ரெண்டு பேர்தான் ஒப்பந்தம் போட்டுக்கிறாங்க. அதுல கையெழுத்தே போடாத, அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்குறதே தெரியாத, ரோட்டோரமா புல்லுக்கட்டு தூக்கிட்டுப் போறவங்கதான் மூணாவது ஆள். பணம் கட்டுறது ஒருத்தர், பலன் வேற ஒருத்தருக்கு. இப்படி ஒரு ஒப்பந்தத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தினது பெரிய விஷயம்னு நான் நினைக்கிறேன்.

சட்டம் வந்தாலும் சிவில் கோர்ட் படிதான் ஏற வேண்டியிருந்தது. 1956ல் திருத்தம் கொண்டு வந்து, விபத்துக் கேஸுக்குன்னே தனித் தீர்ப்பாயம் அமைக்க வழி பண்ணினாங்க. 'எம்.ஏ.சி.டி. கோர்ட்'னு வக்கீல்கள் சொல்றது அதைத்தான். 1973 ஜனவரியில் தனியார் பொது இன்சூரன்ஸ் எல்லாம் அரசு கைக்கு வந்தது. 107 கம்பெனிகளைச் சேர்த்து நாலாக்கினாங்க. அதுல ஒண்ணான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமை அலுவலகம் நம்ம சென்னையிலதான்.

இதுக்கு அப்புறமும் ஒரு முள் இருந்தது. டிரைவர் மேல தப்புன்னு நிரூபிச்சாத்தான் காசு. ராத்திரி பத்து மணிக்கு ஆளில்லாத ரோட்டுல அடிபட்டவருக்கு யார் சாட்சி சொல்றது? 1982ல் இதுக்கு ஒரு திருத்தம் வந்தது. யார் மேல தப்புன்னு கேக்காமலே, உயிர் போனா 15,000 ரூபாய், நிரந்தர ஊனம்னா 7,500 ரூபாய். அடிச்சிட்டு நிக்காமப் போன வண்டின்னா, உயிருக்கு 5,000, பெரிய காயத்துக்கு 1,000. அந்தக் காலத்துக்கே அது சின்னத் தொகைதான். ஆனா 'தப்பு யாருதுன்னு அப்புறம் பாக்கலாம், முதல்ல அடிபட்ட வீட்டுல அடுப்பு எரியட்டும்'னு சட்டம் முதல் தடவையா யோசிச்சது அப்பத்தான்.

இப்ப நடப்புல இருக்குறது 1988ம் வருஷத்துச் சட்டம். அமலுக்கு வந்தது 1989 ஜூலை 1ல். உயிர், உடம்பு சம்பந்தப்பட்ட கேஸ்ல கம்பெனி இவ்வளவுதான் தரணும்ங்கற உச்சவரம்பு இதுல எடுபட்டுப் போச்சு. தீர்ப்பாயம் எவ்வளவு சொல்லுதோ அவ்வளவும் தரணும். 1994ல் வந்த திருத்தம் எங்களை மாதிரி விவசாயிகளுக்கு ஒரு நல்லது பண்ணுச்சு. சரக்கு வண்டியில சரக்கோட சொந்தக்காரரோ அவரோட ஆளோ கூடப் போனா அவருக்கும் பாதுகாப்பு உண்டு. தக்காளி ஏத்திக்கிட்டு குட்டி யானையில மார்க்கெட்டுக்குப் போற விவசாயி இதுல வருவார்.

2004ல் சுவரண் சிங் வழக்குல உச்ச நீதிமன்றம் ஒரு வழியைத் தெளிவாக்கிச்சு. டிரைவர்கிட்ட லைசென்ஸ் இல்லை, இல்லைன்னா போலி லைசென்ஸ்னு சொல்லி அடிபட்டவரைக் கம்பெனி வெறும் கையோட அனுப்ப முடியாது. முதல்ல அவருக்குக் கொடுத்துடணும். அப்புறம் வண்டிக்காரர்கிட்ட வசூல் பண்ணிக்கலாம். அடிபட்டவருக்கு நிம்மதி, வண்டிக்காரருக்குத்தான் ஆபத்து. லைசென்ஸ் இல்லாத பையன்கிட்ட வண்டிச் சாவியைக் கொடுக்குறவங்க இதை ஞாபகம் வெச்சுக்கணும்.

அடுத்தது கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தரால வந்தது. எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் ரோட்டு விபத்துகளைக் குறைக்கணும்னு உச்ச நீதிமன்றத்துல பொதுநல வழக்குப் போட்டார். வண்டி வாங்கின வருஷம் இன்சூரன்ஸ் எடுத்துட்டு அப்புறம் புதுப்பிக்காம ஓட்டுறது நாடு முழுக்க இருந்தது, எங்க பக்கம் டூவீலர்ல சர்வ சாதாரணம். அந்த வழக்குல 2018ல் வந்த உத்தரவுப்படி, அந்த வருஷம் செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு 3 வருஷம், புது டூவீலருக்கு 5 வருஷம் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸை வாங்கும்போதே எடுத்தாகணும்.

அதே வருஷம் இன்னொண்ணும் மாறுச்சு. வண்டியை ஓட்டுற சொந்தக்காரரே விழுந்து செத்தா தேர்டு பார்ட்டியில காசு கிடையாது, ஏன்னா அவர் மூணாவது ஆள் இல்லை. அவருக்குன்னு தனி விபத்துக் காப்பீடு உண்டு. டூவீலருக்கு அது 1 லட்சமாவே ரொம்ப நாள் கிடந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை ஒட்டி அதை 15 லட்சமா உயர்த்தினாங்க. ஆனா செல்லுபடியாகுற லைசென்ஸ் இருந்தாத்தான்.

கடைசியா 2019 திருத்தம். இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டினா முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000. ஜெயிலும் சட்டத்துல இருக்கு. லைசென்ஸ் இல்லைன்னா 5,000. பதினெட்டு வயசு ஆகாத பையன் ஓட்டி விபத்து, குற்றம்னு ஆச்சுன்னா அப்பா அம்மாவுக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 வருஷம் வரை சிறையும். அந்தப் பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடைக்காது. தமிழ்நாட்டுல ரோட்டுல வசூலிக்கிற புது அபராதம் 2022 அக்டோபர்ல அமலுக்கு வந்தது. அடிச்சிட்டுப் போன வண்டி எதுன்னே தெரியலைன்னா, உயிருக்கு 2 லட்சம், பெரிய காயத்துக்கு 50,000ன்னு 2022 ஏப்ரல்ல தொகை ஏறுச்சு. கூடவே, தீர்ப்பாயத்துல 6 மாசத்துக்குள்ள மனு போடணும்ங்கற கெடுவும் சட்டத்துல திரும்ப வந்திருக்கு. துக்க வீட்டுல யாருக்கும் இதெல்லாம் தோணாது. பக்கத்துல இருக்குறவங்கதான் சொல்லணும்.

இவ்வளவு தூரம் வந்த சட்டம் எங்க ஊர்ல எங்கே நின்னு போகுதுன்னு இப்பச் சொல்றேன். டிராக்டர்கிட்டதான்.

டிராக்டருக்கு ஒரே ஒரு சீட்டு. டிரைவரைத் தவிர யாரும் உக்காரக் கூடாது. பின்னாடி மாட்டுற டிரெய்லர் சட்டத்துல தனி வண்டி, அதுக்குத் தனியா பதிவும் இன்சூரன்ஸும் வேணும். டிராக்டர் லைசென்ஸ் வெச்சிருக்கிறவர் டிரெய்லர் மாட்டினதாலேயே லைசென்ஸ் இல்லாதவர் ஆயிட மாட்டார்னு 2001ல் நாகஷெட்டி வழக்குல தீர்ப்பு வந்ததால, ஓட்டுறதுல சிக்கல் இல்லை. சிக்கல் பின்னாடி உக்காந்து போறவங்களுக்குத்தான். மட்கார்டு மேல உக்காந்து போறவர், டிரெய்லர்ல நின்னுக்கிட்டுப் போறவர், இவங்க மூணாவது ஆள் கணக்குல வர மாட்டாங்கன்னு கோர்ட் பல தடவை சொல்லியிருக்கு. சில கேஸ்ல 'முதல்ல கொடு, பிறகு வசூல் பண்ணு'ன்னு சொன்னதும் உண்டு. ஆனா கடைசியில பணம் வண்டிக்காரர் தலையிலதான் விழும். சரக்கு ஏத்தி இறக்குற ஆட்களுக்குன்னு தனியா சின்னத் தொகை கட்டிச் சேர்க்கலாம். நாத்து நடக் கூட்டிட்டுப் போற இருபது பேரை அதுல அடக்க முடியாது.

பக்கத்து ஊர்ல நடந்ததைச் சொல்றேன். களை வெட்டப் போன பொம்பளைங்க ஏறியிருந்த டிரெய்லர் வாய்க்கால் மேட்டுல சாஞ்சுது. ஒரு அம்மா அங்கேயே போயிட்டாங்க, ரெண்டு பேருக்குக் கால் போச்சு. இன்சூரன்ஸ் நடப்புலதான் இருந்தது. ஆனா ஆளை ஏத்தினதுக்கு நாங்க பொறுப்பு இல்லைன்னு கம்பெனி சொல்லிடுச்சு, தீர்ப்பாயமும் அதை ஒத்துக்கிச்சு. டிராக்டர்காரர் ரெண்டரை ஏக்கர் வெச்சிருந்தவர். ஒரு ஏக்கரை வித்துத்தான் கொடுத்தார். அது கைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அந்த அம்மாவோட பையன் படிப்பை விட்டுட்டு திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். ரெண்டு பக்கமும் ஏழைங்க. நடுவுல ஒரு கட்டின பாலிசி சும்மா கிடந்தது.

'அப்போ ஏன் ஏத்துறீங்க?'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். காலையில ஆறு மணிக்கு வயலுக்குப் போக பஸ் கிடையாது. வேலைக்கு ஆள் கிடைக்கிறதே அபூர்வம், வண்டி அனுப்பலைன்னா வேற தோட்டத்துக்குப் போயிடுவாங்க. முன்னாடி வரப்பு மேலயே நடந்து வந்தாங்க, இப்ப ரெண்டு மூணு ஊர் தாண்டி வர்றாங்க. நடந்து போறவருக்காக வந்த சட்டம் இது. நடந்து போனவங்க டிரெய்லர்ல ஏறினதும் அது கீழேயே நின்னுடுச்சு. எங்க பக்கம் சில பேர் இப்ப ஆள் ஏத்தப் பெர்மிட் இருக்குற வேன் பேசிக் கூட்டிட்டு வர்றாங்க. செலவு கூடத்தான். ஆனா ஒரு ஏக்கர் நிலத்தோட ஒப்பிட்டா அது ஒண்ணுமே இல்லை.

பட்டணத்து நண்பர்களுக்கு இதுல என்ன வேலைன்னு நினைக்காதீங்க. ஊர்ல நிலம் வெச்சிருக்குற பல பேர் பேர்ல டிராக்டர் இருக்கு, ஓட்டுறது தம்பியோ குத்தகைக்காரரோ. பழைய பைக்கை ஊர்ல யாருக்கோ கொடுத்துட்டு ஆர்.சி. புக்ல பேரை மாத்தாம விட்டவங்களும் இருக்கீங்க. ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் பொறுப்புன்னு 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதியாச் சொல்லிடுச்சு. நீங்க சென்னையில ஆபீஸ்ல உக்காந்திருக்கும்போது, உங்களுக்கு முகமே தெரியாத ஒருத்தர் ஓட்டி நடக்குற விபத்துக்குச் சம்மன் உங்க வீட்டுக்கு வரும்.

அதனால இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது நாலு விஷயம் கேளுங்க. உங்க பேர்ல இருக்குற வண்டிக்கு இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரைக்கும் இருக்கு? டிரெய்லருக்குத் தனியா எடுத்திருக்காங்களா? ஓட்டுறவருக்கு லைசென்ஸ் இருக்கா? வித்த வண்டிக்குப் பேர் மாத்தியாச்சா? அஞ்சாவதா, காலையில வேலைக்கு வர்றவங்க எதுல வர்றாங்கன்னும் கேட்டுடுங்க.