நஞ்சும் படிப்பும்

ஊர்ப் பெயர்களை வாசித்துக்கொண்டிருப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. நம் முன்னோர்கள் சில ஊர்களுக்கு அங்கே இருப்பதைச் சொல்லிப் பெயர் வைத்தார்கள். ஆலமரம் நின்றால் ஆலங்குடி, புளியமரம் நின்றால் புளியங்குடி. வேறு சில ஊர்களுக்கு அங்கே இருக்க வேண்டியதைச் சொல்லிப் பெயர் வைத்தார்கள். கள்ளக்குறிச்சி நகரத்தில் கோமுகி ஆற்றை ஒட்டியுள்ள கருணாபுரம் இந்த இரண்டாவது வகை. கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த பகுதி. 2024-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி வரையில் அந்தப் பெயரை வெளியூரில் கேள்விப்பட்டவர்கள் மிகச் சிலர்தாம். அன்று அங்கே பொட்டலத்தில் விற்ற சாராயத்தைக் குடித்தவர்கள் மறுநாள் முதல் ஒருவர் பின் ஒருவராக மடிந்தார்கள். இறந்தவர்கள் 60 பேருக்கு மேல். அவர்களில் பெண்களும் உண்டு. கோமுகிக் கரையில் சிதைகள் வரிசையாக எரிந்ததைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது.

குடியின் தீமையைப் பற்றி உபதேசம் செய்யப் போகிறேன் என்று வாசகர்கள் பயப்பட வேண்டாம். நாங்கள் நாவல் எழுதுகிறவர்கள் அந்தக் காரியத்தை ஏற்கனவே அளவுக்கு மீறிச் செய்துவிட்டோம். குடிகாரத் தகப்பன் ஒருவனாவது வந்து போகாத தொடர்கதை அபூர்வம். நான் இங்கே சொல்ல நினைப்பது ஒரு படிப்பின் கதை. கல்லூரிப் பிள்ளைகள் 'பயோடெக்' என்று செல்லமாகச் சுருக்கி அழைக்கிறார்களே, அந்த உயிர்த் தொழில்நுட்பப் படிப்பு, அதிலும் பி.எஸ்ஸி. முடித்த பிறகு இரண்டு வருஷம் படிக்கும் எம்.எஸ்ஸி. படிப்பு. கருணாபுரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் சாராயப் பானைக்குள்ளேயே இருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. அங்கே ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுவதும், போலீஸார் மலையேறிப் போய் அந்த ஊறல்களைக் கொட்டி அழிப்பதும் பத்திரிகைகளில் நாம் பல காலமாகப் படித்துவரும் செய்தி. வெல்லத்தைக் கரைத்து, வேலம்பட்டையையும் கடுக்காயையும் போட்டு மூடி வைத்தால் சில நாளில் ஊறல் நுரைத்துப் பொங்குகிறது. யார் அதைப் பொங்க வைக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டதிலிருந்துதான் இந்த விஞ்ஞானத்தின் சரித்திரமே தொடங்குகிறது.

1856-ஆம் ஆண்டு, பிரான்ஸ் தேசத்தில் லீல் என்ற நகரம். பீட்ரூட்டிலிருந்து சாராயம் எடுக்கும் ஒரு தொழிற்சாலைக்காரருக்கு ஒரு சங்கடம்: சில தொட்டிகளில் சாராயத்துக்குப் பதிலாகப் புளிப்புத்தான் மிஞ்சியது. அவருடைய மகன் அந்த ஊர்க் கல்லூரியில் மாணவன். மகனுடைய ஆசிரியரிடம் தகப்பனார் போய்ச் சொன்னார். அந்த ஆசிரியர்தான் லூயி பாஸ்டர். அவர் தொட்டியிலிருந்து ஒரு துளியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் உயிர்கள். கெட்ட தொட்டியில் வேறு ஏதோ நுண்ணுயிர்கள். சர்க்கரையைச் சாராயமாக்குவது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் என்று அவர் நிலைநாட்டினார். 1897-இல் ஜெர்மனியில் எடுவார்ட் புக்னர் என்பவர் அந்த ஈஸ்டையும் அரைத்துப் பிழிந்தார். உயிரில்லாத அந்தச் சாறும் சர்க்கரையைச் சாராயமாக்கியது! உயிருக்குள் வேலை செய்யும் நொதிகள் வெளியிலும் வேலை செய்யும் என்பது தெரிந்தது. 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நொதிக்கு ஐரோப்பியர் வைத்திருக்கும் 'என்சைம்' என்ற பெயருக்கே 'ஈஸ்டுக்குள் இருப்பது' என்றுதான் அர்த்தம். 'பயோடெக்னாலஜி' என்ற சொல்லை 1919-இல் உண்டாக்கியவர் ஹங்கேரி நாட்டு விவசாயப் பொறியாளரான கார்ல் எரெக்கி. ஆக, பல்கலைக் கழகத்தில் பளபளவென்று கண்ணாடிக் குடுவைகளுக்கு நடுவில் நடத்தும் பாடத்துக்கும் மலைச்சரிவில் புதைத்து வைத்த ஊறல் பானைக்கும் பூர்வீகம் ஒன்றுதான்.

ஆனால் கருணாபுரத்தில் கொன்றது ஊறல் பானை அன்று என்பதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஈஸ்ட் உண்டாக்குவது எத்தனால். வெல்ல ஊறலில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மெத்தனால் விளைவதில்லை. பொட்டலத்தில் இருந்தது மெத்தனால். அது ஆலைச் சரக்கு. 1661-இல் ராபர்ட் பாயில் என்ற விஞ்ஞானி மரத்தைக் காய்ச்சி வடித்தபோது இந்தத் திரவத்தைக் கண்டார்; அதனால் நெடுங்காலம் இதற்கு 'மரச் சாராயம்' என்றே பெயர். 1923-இல் ஜெர்மனியில் வாயுக்களை அழுத்திச் சேர்த்து ஆலையில் பெருமளவில் செய்ய ஆரம்பித்தார்கள். வர்ணத்துக்கும் பிசினுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உலகம் முழுவதும் இது வேண்டியிருக்கிறது. பார்வைக்குத் தண்ணீர் மாதிரி. வாடையோ ஏறக்குறைய சாராயத்தின் வாடை. ரசாயனக்காரர்கள் கணக்கில் எத்தனாலில் இரண்டு கரியணு, மெத்தனாலில் ஒன்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்த ஒரு கரியணு வித்தியாசத்தில் என்ன நேருகிறது? மெத்தனால் நேராக யாரையும் கொல்வதில்லை. குடித்தவனுடைய கல்லீரல்தான் அதை நஞ்சாக்குகிறது. சாராயத்தைச் செரிப்பதற்கென்று நம் ஈரலில் ஒரு நொதி இருக்கிறது. அதற்கு ஆள் அடையாளம் போதாது. எத்தனால் வந்தாலும் மெத்தனால் வந்தாலும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. மெத்தனாலை முதலில் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது. செத்த தவளையைக் கெடாமல் வைக்கப் பள்ளிக்கூடத்தில் ஊற்றி வைப்பார்களே, அந்தச் சரக்கு. அடுத்து அது பார்மிக் அமிலமாகிறது. சில எறும்புகள் கடித்தால் எரிகிறதே, அந்த அமிலம். இந்த அமிலத்தை மேற்கொண்டு எரித்து வெளியேற்ற எலியின் உடம்புக்குச் சாமர்த்தியம் உண்டு. மனித உடம்பு அதில் மிகவும் மந்தம். அமிலம் தேங்குகிறது. கண் நரம்பைத் தாக்குகிறது. ஒவ்வோர் உயிரணுவும் மூச்சை உபயோகிக்க முடியாமல் தவிக்கிறது. இதிலுள்ள பெரிய வஞ்சகம், இவ்வளவும் நடக்கப் பல மணி நேரம் ஆகிறது என்பது. 'குடித்தேன், ஒன்றும் ஆகவில்லையே' என்று ஒருவன் வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கிவிடலாம். விடிந்ததும் கண் மங்கும், வயிறு பிசையும். அதற்குள் பாதி வழி போயாகிவிட்டது.

மருந்து இல்லாமல் இல்லை. அந்த நொதியை வேறு ஏதாவது கொடுத்து வேலையில் மாட்டிவிட்டால் மெத்தனால் நஞ்சாக மாறுவது நின்றுவிடும். 'போமெபிசோல்' என்ற மருந்து அதைச் செய்கிறது. வைத்தியரின் கையில் அளவாகக் கொடுக்கப்படும் சுத்தமான எத்தனாலும் அதைச் செய்கிறது. ரத்தத்தைச் சுத்திகரித்து அமிலத்தையும் வெளியேற்றுகிறார்கள். ஆனால் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நேரத்தோடு போவதற்கு, பொட்டலத்தில் இருந்தது என்ன என்பது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் இதே மெத்தனால் 20 பேருக்கு மேல் பலி வாங்கியிருந்தது. ஒரு வருஷம் கழித்தும் கருணாபுரத்துக்கு அந்தப் பாடம் வந்து சேரவில்லை.

இனிமேல்தான் கதையில் எனக்கு மிகவும் ஆச்சரியமான பகுதி வருகிறது. ஆலகாலத்தை உண்டு உலகத்தைக் காத்த நீலகண்டன் கதை நமக்குத் தெரியும். மெத்தனாலை உண்டு வாழும் ஓர் ஈஸ்ட் இருக்கிறது! இப்படி மெத்தனாலில் வளரும் ஈஸ்டை 1969-இல் ஜப்பானில் ஒகாட்டா என்ற விஞ்ஞானியின் குழு முதலில் அறிவித்தது. இந்த ஜாதி ஈஸ்டும் மெத்தனாலை முதலில் பார்மால்டிஹைடாகத்தான் மாற்றுகிறது. ஆனால் அந்த வேலையைத் தன் உடம்புக்குள் ஒரு சின்னஞ்சிறு பைக்குள் அடக்கி வைத்துச் செய்கிறது. வந்ததில் ஒரு பங்கை உடம்பாக வளர்த்துக்கொள்கிறது, மற்றதை முழுவதும் எரித்துச் சக்தியாக்கிக் கொள்கிறது. தேங்கவிடுவதில்லை. மனிதனுக்கு இல்லாத சாமர்த்தியம் இதுதான்.

அமெரிக்காவில் பிலிப்ஸ் பெட்ரோலியம் என்ற எண்ணெய்க் கம்பெனி 'பிக்கியா பாஸ்டோரிஸ்' என்ற இத்தகைய ஈஸ்டை மெத்தனாலில் வளர்த்து மாட்டுத் தீவனமாக விற்கத் திட்டம் போட்டது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. எரிவாயுவும் மெத்தனாலும் விலை ஏறின, சோயா மலிவாகக் கிடைத்தது, திட்டம் படுத்துவிட்டது. படுத்த திட்டத்தை 1980-களில் விஞ்ஞானிகள் தூக்கி நிறுத்தினார்கள். மெத்தனாலைக் கண்டதும் இந்த ஈஸ்டில் ஒரு ஜீன் மளமளவென்று வேலை செய்யத் தொடங்குகிறது. அந்த ஜீனின் விசைக்குப் பின்னால் நமக்கு வேண்டிய வேறொரு ஜீனைச் சேர்த்துவிட்டால்? மெத்தனாலைச் சொட்டுச் சொட்டாக ஊட்ட ஊட்ட, நமக்கு வேண்டிய புரதத்தை அது சுரந்து தள்ளும்.

இது எங்கோ அமெரிக்காவில் நின்றுவிட்ட சங்கதி அன்று. ஹைதராபாத்தில் 1993-இல் வரபிரசாத் ரெட்டி தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ், 1997-இல் மஞ்சள் காமாலையில் கொடிய வகையான ஹெப்படைட்டிஸ்-பி நோய்க்குத் தடுப்பூசி செய்து வெளியிட்டது. உயிர்த் தொழில்நுட்ப முறையில் இந்தியாவிலேயே உருவாக்கிய முதல் தடுப்பூசி அது. இறக்குமதி ஊசியின் விலையைக் கேட்டே திரும்பிப் போன குடும்பங்களுக்கும் அது கைக்கு எட்டியது. அதைச் செய்து கொடுத்தது இந்தப் பிக்கியா ஈஸ்ட்தான். அதற்கு ஊட்டியது மெத்தனால். ஹெப்படைட்டிஸ்-பி தாக்குவது கல்லீரலை. கருணாபுரத்தில் எந்த ஈரலில் மெத்தனால் நஞ்சாயிற்றோ, அதே ஈரலைக் காக்கும் மருந்தை அதே மெத்தனாலைக் கொண்டு செய்திருக்கிறார்கள். இப்படி ஒரு சம்பவத்தை நான் நாவலில் எழுதினால், ஆசிரியர் வலிந்து கட்டிய கதை என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த வித்தையைத்தான் எம்.எஸ்ஸி. வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். மத்திய அரசாங்கம் 1982-இல் இதற்கென்று ஒரு வாரியம் அமைத்தது. 1986-இல் அதைத் தனி இலாகாவாக உயர்த்தியது. 1980-களின் நடுவில் நாட்டின் சில பல்கலைக் கழகங்களில் அரசாங்க உதவியுடன் இந்த மேற்படிப்பைத் தொடங்கியபோது, டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக் கழகத்தோடு நம் மதுரை காமராஜர் பல்கலைக் கழகமும் அந்த முதல் வரிசையில் இருந்தது. மதுரையில் பணியாற்றிய குந்தளா ஜெயராமன் பின்னர்ச் சென்னை அண்ணா பல்கலைக் கழகத்து உயிர்த் தொழில்நுட்ப மையத்தின் முதல் இயக்குநரானார். மத்திய இலாகாவின் ஆதரவில் நடக்கும் இடங்களில் சேர அகில இந்தியப் பரீட்சை எழுத வேண்டும். தேறிச் சேர்ந்தவர்களுக்கு உதவித் தொகை உண்டு. நுண்ணுயிரியல், உயிர் வேதியியல், ஜீன்களை வெட்டி ஒட்டும் கலை, நொதிக்கலனை நடத்தும் முறை என்று பாடங்கள். கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் ஓர் ஆராய்ச்சி செய்து காட்ட வேண்டும்.

முதல் பட்டப் படிப்புக்கும் இந்த மேற்படிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். முன்னது, யாரோ கண்டுபிடித்ததை நமக்குச் சொல்கிறது. பின்னது, கையில் குடுவையைக் கொடுத்து 'நீ கண்டுபிடி' என்கிறது. முதலாவதோடு நின்றவர் ஆய்வுக்கூடத்தில் பிறர் எழுதி வைத்த குறிப்பின்படி அளந்து ஊற்றலாம். இரண்டாவதையும் முடித்தவர் அந்தக் குறிப்பையே எழுதலாம். அதனால்தான் இந்த ஒரு படி, ஏழைக் குடும்பத்துக்கு, ஏணியிலுள்ள மற்றப் படிகளைக் காட்டிலும் உயரமாகத் தெரிகிறது. பட்டம் வாங்கிய பிள்ளை சம்பளம் கொண்டுவரும் என்று காத்திருக்கும் வீட்டில், 'இன்னும் இரண்டு வருஷம்' என்று சொல்வதற்கு நெஞ்சில் துணிவு வேண்டும். கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி முடிந்ததே 1976-இல்தான். பாட்டன் காலத்தில் பள்ளிக்கூடத்தைப் பார்க்காத வீடுகள் அங்கே பல. அப்படிப்பட்ட வீட்டில் அந்தத் துணிவை யாரிடம் கடன் வாங்குவது?

கருணாபுரம் சாவுகளுக்குப் பிறகு தமிழக அரசாங்கம் ஒரு வாக்குறுதி அளித்தது: தாயையோ தகப்பனையோ இருவரையுமோ இழந்த குழந்தைகளின் படிப்புச் செலவையும் விடுதிச் செலவையும் பட்டப் படிப்பு வரையில் அரசாங்கமே ஏற்கும். நல்ல வாக்குறுதி, அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. ஆனால் 'பட்டப் படிப்பு வரையில்' என்ற சொற்களை வாசித்தபோது, அதற்கு அப்பால் உள்ள அந்த ஒரு படியை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சாராயத்தில் பிறந்த விஞ்ஞானம், சாராயத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு ஏதேனும் கடன்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கடனைத் தீர்ப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. வாக்குறுதியில் இரண்டு வருஷத்தைச் சேர்த்தால் போதும். நுழைவுப் பரீட்சை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு இன்ன தேதிக்குள் விண்ணப்பம் போட வேண்டும் என்று அந்தத் தெருவில் போய்ச் சொல்ல ஓர் ஆசிரியர் இருந்தால் போதும்.

அந்தக் குழந்தைகளில் ஒருத்தி என்றைக்காவது மதுரையிலோ சென்னையிலோ ஓர் ஆய்வுக்கூடத்தில் நொதிக்கலனுக்கு முன்னால் நிற்கலாம். உள்ளே ஈஸ்ட் பசித்திருக்கும். ஊட்ட வேண்டிய திரவத்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது, அந்தப் புட்டியில் ஒட்டியிருக்கும் பெயரை அவள் வாசிப்பாள். அதற்கு என்ன பொருள் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிராது. கை நடுங்காமல் அளந்து ஊற்ற அவள் படித்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.