எதிரொலியைத் தேர்வது

ஒலிப்பதிவில் எதிரொலி ஓர் அலங்காரம் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். எனக்கு அது ஓர் இடமாகப் படுகிறது. இன்று கணினியில் ஒரு பாட்டைக் கலக்க உட்காருகிறவன் பிளக்-இன் பட்டியலைத் திறந்தால் ஹால், சேம்பர், கதீட்ரல் என்று பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. இவை குணங்களின் பெயர்கள் அல்ல, கட்டடங்களின் பெயர்கள். யாருடைய கட்டடங்கள் என்று கேட்பாரில்லை. நீலகிரியை வைத்து அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பட்டியலின் சரித்திரம். 1895-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில், பேச்சு விளங்காத ஒரு விரிவுரை மண்டபத்தைச் சரிசெய்யும் வேலை வாலஸ் ஸபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. காலி மண்டபத்தில் ஒரு சொல் ஏறக்குறைய ஐந்தரை விநாடி அடங்காமல் நின்றது. இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, அந்த முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அவர் அளந்தார். அன்று முழக்கம் ஒரு நோய். அரை நூற்றாண்டில் அதுவே பண்டமாயிற்று. 1947-ல் சிகாகோவில் பில் பட்னம், குளியலறையில் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்து ஒரு ஹார்மோனிகா இசைத்தட்டுக்கு முழக்கம் சேர்த்தார். 1957-ல் ஜெர்மனியின் இ.எம்.டி. நிறுவனம் பெரிய எஃகுத் தகட்டைச் சட்டத்தில் தொங்கவிட்டு, அறையே இல்லாமல் அறையின் முழக்கத்தை உண்டாக்கியது. 1996-ல் ஸ்டெயின்பெர்க் நிறுவனத்தின் வி.எஸ்.டி. முறை வந்தபின் இத்தகைய சாதனங்கள் சிறு நிரல்களாகிக் கணினிக்குள் புகுந்தன. பிறகு இன்னொரு படி. ஒரு தேவாலயத்தில் ஒருமுறை துப்பாக்கியை வெடித்து, அந்தச் சப்தம் அடங்குவதைப் பதிவுசெய்துகொண்டால் போதும். அந்தத் தேவாலயத்தை எந்தக் குரலின் மீதும் ஏற்றிவிடலாம்.

மலைக்கு வருவோம். 'மூன்றாம் பிறை' (1982) படத்தின் மலை ஊட்டியும் கேத்தியும்; பாட்டுகள் பதிவானது சென்னையில். சினிமாவுக்கு அது இயல்பு. ஆனால் மலை என்றாலே குரல் மிதந்து, நீண்டு, தேய வேண்டும் என்கிற நம் காதின் பழக்கம் மலையில் உண்டானதல்ல, பதிவறையில் உண்டானது. வெளியில் நடப்பது வேறு. 170 மீட்டர் தள்ளி எதிர்ச்சரிவு இருந்தால் கூப்பிட்ட குரல் ஒரு விநாடி கழித்துத் தனியாகத் திரும்பி வரும். இல்லாவிட்டால் போனது போனதுதான். கோத்தர்கள் தங்கள் ஏழு ஊர்களிலும் 'கொள்' எனப்படும் குழலையும் கொம்பையும் பறைகளையும் வாசிப்பது திறந்த வெளியில். சப்தத்தைத் தேக்கி வைக்க அங்கே கூரை கிடையாது. அந்த வாசிப்பின் கூர்மை அதனால் வந்தது.

தோடர் பாட்டில் விஷயம் இன்னும் நுட்பமாகிறது. 1930-களில் நீலகிரியில் தங்கி அவற்றை எழுதியெடுத்த எமனோ, 1971-ல் பெரிய நூலாக வெளியிட்டார். அந்தப் பாட்டுகளின் அமைப்பு இது: மூன்று அசை கொண்ட சிறு தொடர், அதற்கு இணையாக இன்னொரு தொடர். ஓர் எருமையைச் சொன்னால் ஜோடியாக இன்னொரு எருமை, ஓர் இடத்தைச் சொன்னால் இன்னொரு இடம். இணை இல்லாமல் தொடர் நிற்காது. அதாவது எதிரொலி அந்தப் பாட்டின் இலக்கணத்திலேயே இருக்கிறது. முதற்சொல்லைத் திருப்பித் தருவது சுவர் அல்ல, மரபு.

கோத்தகிரியில் ஒரு நண்பர், ஒரு தோடர் குடும்பத்தார் கேட்டுக்கொண்டதற்காக அவர்கள் வீட்டுப் பெரியவர் பாடியதைப் பதிவுசெய்து கலந்துகொண்டிருந்தார். வறட்சியாக இருக்கிறதே என்று நான்கு விநாடி முழக்கம் ஒன்றைச் சேர்த்தார். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. பெரியவர் இரண்டு முறை கேட்டுவிட்டு, இது எந்த இடம் என்றார். நண்பர் திரையைப் பார்த்தார். ஐரோப்பாவில் எங்கோ உள்ள ஒரு தேவாலயம். பிறகுதான் எங்களுக்கு உறைத்தது: முதல் தொடரின் வால் இணைத்தொடரின் தலைமேல் விழுந்துகொண்டிருந்தது. எந்த இரண்டு பெயர்களைச் சேர்த்துச் சொல்வதற்காகப் பாட்டு இருந்ததோ, அவை ஒன்றோடொன்று கரைந்துபோயிருந்தன.

தூய்மைவாதம் பேச வரவில்லை. மைக் வைத்த கணமே இயற்கை போய்விட்டது. முழக்கமே சேர்க்காமல் விடுவதும் ஒரு தேர்வுதான். பிளக்-இன் தேர்வதை ரசனைப் பிரச்னையாக மட்டும் பார்ப்பதுதான் தவறு. எது தெளிவாகக் கேட்கவேண்டும், எது மங்கலாம் என்று தீர்மானிக்கிறவன் பாட்டுக்கு அர்த்தம் சொல்கிறான். அது விமர்சகனின் வேலை. விமர்சகனுக்கு உள்ள பொறுப்பு அவனுக்கும் உண்டு: முதலில் பாட்டின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும், பாடியவரைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். கதீட்ரலை எடுத்துவிட்டு நண்பர் சிறிய அறை ஒன்றை வைத்தார். பெரியவர் அதையும் எடுக்கச் சொன்னார்.