பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு புத்தர்... பார்த்திருக்கீங்களா?

தைப்பூசக் காவடிகள் புறப்படும் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயம் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பின்னால், ரேஸ் கோர்ஸ் சாலையில், 15 மீட்டர் உயரப் புத்தர் அமர்ந்திருக்கிறார். நம்மில் பலர் அந்தச் சாலைக்கு மீன் தலைக் கறி சாப்பிட மட்டும்தான் போகிறோம்!

பெயர் என்ன?

சாக்கியமுனி புத்தகயா ஆலயம். சிலையைச் சுற்றியுள்ள விளக்குகளால் 'ஆயிரம் விளக்கு ஆலயம்' என்றும் சொல்வார்கள். (சென்னை ஆயிரம் விளக்கு இல்லை.)

ரொம்பப் பழையதா?

பார்த்தால் அப்படித் தோணும். ஆனால் தாய்லந்துத் துறவி ஒருவர் 1927இல் தொடங்கியதுதான்.

உள்ளே எதைப் பார்ப்பது?

வாசலில் மஞ்சள் புலிகள் காவல். உள்ளே இடப்பக்கம், சிப்பி பதித்த பெரிய பாதம். இலங்கையின் சிவனொளிபாத மலையில் உள்ள பாதத்தின் நகல் என்பார்கள். அந்த மலைப் பாதத்தைப் பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், இந்துக்கள் சிவனுடையது என்கிறார்கள், முஸ்லிம்கள் ஆதமுடையது என்கிறார்கள்.

பெரிய சிலையைப் படம் எடுத்துவிட்டு உடனே கிளம்பிடாதீங்க. பீடத்தைச் சுற்றி நடந்தால் புத்தரின் வாழ்க்கை காட்சி காட்சியாக வரும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் கதை புரியும். நம் கோபுரங்களின் சுதைச் சிற்பங்கள் செய்வதும் அதைத்தானே?

பின்புறச் சிறு வாசலில் குனிந்து நுழைந்தால், அங்கே சயனப் புத்தர். புத்தரின் இறுதி வேளையைக் காட்டும் கோலம் அது. எனக்குப் பெரிய சிலையைவிட இதுதான் பிடிக்கும்.

பிள்ளையாரும் பிரம்மாவும்கூட இங்கே இருக்கிறார்கள்.

தமிழருக்கும் புத்தருக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய. பள்ளியில் பெயர் கேட்ட மணிமேகலை ஒரு பௌத்தக் காப்பியம். சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன், நம் வட்டாரத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அளித்தவர் முதலாம் ராஜராஜ சோழன், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அதே மன்னர்.

நாகப்பட்டினத்தில் எஞ்சியிருந்த செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். அங்கு மண்ணுக்குள் கிடைத்த வெண்கலப் புத்தர்களில் பலவற்றை இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

போகும் முன்...

ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடை. காலணியைக் கழற்றுங்கள். புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி வேண்டாம்; பௌத்தர்கள் பலர் அதை அவமதிப்பாக நினைப்பார்கள். நேரம் இருந்தால் எதிரே உள்ள லியோங் சான் சீ ஆலயத்தையும் எட்டிப் பாருங்கள்.