நிறைந்த இலையும் பட்டினியும்



கடற்கரையிலிருந்து மின்சார ரயிலில் வருவோர், குரோம்பேட்டையைக் கடந்ததும் 'தாம்பரம் சானடோரியம்' என்னும் பெயர்ப்பலகையைக் காண்பர். நாள்தோறும் அங்கே இறங்கிக் கல்லூரிக்கு விரையும் இளைஞருள் அச்சொல்லின் பொருளை வினவியவர் மிகச் சிலரே இருப்பர். க்ஷயரோகிகள் தங்கி உடல் தேறும் இடம் என்பது அதன் பொருள். 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரிமுத்து அதனை நிறுவினார். 1937இல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அக்காலத்தில் க்ஷயத்துக்குத் திட்டமான மருந்து கிடையாது. தூய காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவுமே சிகிச்சை. உடல் எடை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைக் கொண்டே நோயின் போக்கைக் கணித்தனர். தமிழில் அந்நோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வழங்கியதும், மெலிந்த பிள்ளையைக் கண்டவுடன் நம் பாட்டிமார் அப்பெயரையே அஞ்சியதும் இதனாலேதான்.

சௌரிமுத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியம் நடத்தியவர். 1917இல் அவரிடம் சென்று தங்கிய நோயாளிகளுள் ஒருவர் நம் கணிதமேதை ராமானுஜன். அவரைப் பீடித்தது க்ஷயமே என்று நெடுங்காலம் நம்பினர். 1994இல் ஆய்வாளர் ஒருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். மெலிவு என்பது ஓர் அடையாளமே. அதனை உண்டாக்கும் காரணங்கள் பல.

இதனை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்த மருத்துவர் ஒருவர் லண்டனில் இருந்தார். ரிச்சர்டு மார்ட்டன் என்பது அவர் பெயர். க்ஷயத்தைப் பற்றி அவர் 1689இல் வெளியிட்ட நூலில் இரண்டு விசித்திரமான நோயாளிகளைக் குறிப்பிடுகிறார். ஒருத்தி பதினெட்டு வயதுப் பெண். மற்றவன் பதினாறு வயதுப் பையன். இருவரும் எலும்பும் தோலுமாக இளைத்திருந்தனர். ஆயினும் இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, உணவில் மட்டும் நாட்டமில்லை. நோயின் வேர் மனத்தில் இருக்கிறது என்று மார்ட்டன் கருதினார். அப்பெண் மருந்தை மறுத்து, சில மாதங்களில் மயங்கி விழுந்து மாண்டாள். பையனுக்கோ, படிப்பை நிறுத்திவிட்டுக் கிராமத்துக்குச் சென்று, குதிரையேறி, கழுதைப்பால் பருகுமாறு யோசனை கூறினார். அவன் பெரும்பாலும் தேறினான். (இந்த வைத்தியத்தைக் கேட்டு உங்களுள் சிலர் மகிழ்வது எனக்குத் தெரிகிறது!) இது பெண்களுக்கு மட்டுமே உரிய நோய் என்று சொல்வோர் அந்தப் பையனை மறந்துவிடுகின்றனர்.

1873இல் லண்டனில் சர் வில்லியம் கல் என்பவரும் பாரிஸில் லசேக் என்பவரும் தனித்தனியே இதே நோயை விவரித்தனர். மறு ஆண்டில் வில்லியம் கல் இதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயரிட்டார். நரம்புக் கோளாறினால் வரும் பசியின்மை என்பது அதன் கருத்து. பொருத்தமற்ற பெயர் என்பேன். இந்நோயாளிகளுள் பலருக்குப் பசி இருக்கிறது. அதனோடு அவர்கள் இரவும் பகலும் போராடுகிறார்கள்.

அங்கே இப்பெயர் சூட்டப்பட்ட மூன்றாம் ஆண்டில் நம் சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது? 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம். நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் 1877 ஜனவரியில் கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். மண் சுமக்கும் மனிதனை இவ்வளவு உணவு காப்பாற்றாது. அவன் மெல்ல மெல்லச் சாவான் என்பது அவர் வாதம். பின்னர் அக்குறைப்பு கைவிடப்பட்டது. சென்னை நகரினூடே செல்லும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதே. பஞ்சத்தில் இறந்தோரின் உடல்களைச் சோதித்த டாக்டர் போர்ட்டர், குடற்சுவர் மெலிந்து போயிருப்பதைக் கண்டு நூலாக எழுதினார். குடலே தேய்ந்த பின் சோறு கிடைத்தும் பயனில்லாமற் போயிற்று.

பஞ்சத்தின் பட்டினியும் நிறைந்த இலையின்முன் கிடக்கும் பட்டினியும் ஒன்றாகுமா என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தால் ஒன்றல்ல; உடலுக்குச் செய்யும் கேட்டால் ஒன்றே. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், தாமே முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு அளித்துச் சோதித்தார். அவர்கள் எடையில் ஏறத்தாழக் கால்பங்கு குறைந்தது. நாடித்துடிப்பு தளர்ந்தது, உடல் குளிர்ந்தது. இவற்றைவிட வியப்பு, அவர்களின் மனம் மாறியதுதான். சிரிப்பு மறைந்தது, நண்பரை வெறுத்தனர், சமையற் புத்தகங்களை ஓயாமல் படித்தனர். 'பிடிவாதம்', 'சிடுசிடுப்பு' என்று நாம் ஏசும் குணங்களுட் பல பட்டினி தந்தவை என்பது அதனால் விளங்கிற்று.

நான் இப்புறநகரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன். காலை வழிபாட்டில் பிள்ளைகள் மயங்கி விழுவதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். வீட்டில் உணவில்லாத பிள்ளைகளுக்காகவே 1956இல் காமராசர் மதிய உணவைக் கொண்டுவந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். அதனை விரித்தார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஆயின் வீட்டில் எல்லாம் இருந்தும் டிபன் பெட்டியைக் காக்கைக்குக் கவிழ்த்துவிட்டு விழும் பிள்ளை? ஆசிரியர் அறையில் அதற்கு ஒரே சொல்தான் கிடைத்தது: கொழுப்பு! உண்ணாமல் உருகும் உடலுக்கு இப்படியும் ஒரு பெயர்.

அடங்காப் பசிக்கு நம் முன்னோர் பெயர் வைத்தனர். மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை, எவ்வளவு உண்டும் தணியாத யானைத்தீ என்னும் நோயால் பன்னிரண்டு ஆண்டுகள் வருந்துகிறாள். அவளை யாரும் திமிர்பிடித்தவள் என்று சொல்லவில்லை. நோயுற்றவள் என்றே கண்டனர். இக்காலத்திலும் அளவிறந்து உண்டு, பின் அஞ்சி, விரலிட்டு வாந்தியெடுக்கும் நோய் ஒன்று உண்டு. 1979இல் ஜெரால்டு ரஸ்ஸல் அதற்குப் புலிமியா நெர்வோசா என்று பெயரிட்டார். அந்நோயாளி மெலிந்திருக்கமாட்டார், ஆகவே வீட்டாருக்கும் தெரிவதில்லை. பல்லின் மேற்பூச்சு கரைகிறது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து, இதயம் திடீரென நின்றுவிடவும் கூடும். உண்ணாநோயிலோ எலும்பு வலுவிழக்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிறது.

நம் நாட்டில் இது மேலை நாட்டு வேடத்தில் வருவதில்லை. 1995இல் டெல்லி மருத்துவர்கள் விவரித்த ஐந்து இளம்பெண்கள் உணவை மறுத்தனர், வாந்தியெடுத்தனர், மிக இளைத்தனர். ஆனால் தாம் பருத்திருப்பதாக அவர்கள் எண்ணவில்லை. 1998இல் வெளியான சென்னை ஆய்வொன்றில் 210 மருத்துவ மாணவருள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரிடம் உணவையும் எடையையும் பற்றிய மனவேதனை காணப்பட்டது. முழுநோய் அன்று, அதற்கு இளைய நிலை. ஆயினும் உடலின் இயல்பைப் பாடமாகவே படிப்பவர்களின் கணக்கு இது என்பதைக் கவனியுங்கள்.

சிகிச்சையைப் பற்றியும் ஒரு சொல். நெடுநாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியாகச் சோறூட்டுவது ஆபத்து. இரத்தத்தின் உப்புக்கள் நிலைகுலைந்து உயிரே போகலாம். மருத்துவர் பார்வையில் படிப்படியாகவே கூட்டவேண்டும். உறவினரே இந்நோயாளிகளுக்கு மிகவும் தகாத துணை என்று வில்லியம் கல் எண்ணினார். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையார் 1987இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகக் கூறிற்று. இளம்வயதில் நோய் கண்டு மூன்றாண்டுக்குள் வந்தவர்களுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்துச் செய்த சிகிச்சையே மேலான பயன் தந்தது. அதன்பின் வளர்ந்த முறையில், தாயும் தந்தையும் நாளுக்கு மூன்று வேளையும் பிள்ளையருகே அமர்கின்றனர். திட்டுவதில்லை, கெஞ்சுவதில்லை, இலையில் இட்டது முடியும்வரை எழுவதுமில்லை.