ஏழு ஆண்டு இடைவெளி

"மேம், பொண்ணுங்க கிரிக்கெட்ல கபில்தேவ் மாதிரி யாராச்சும் இருந்தாங்களா?"

ஏற்காடு அடிவாரத்தில் பேருந்துக்காக நின்றிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள். கல்லூரி அணியில் வேகப்பந்து வீசுகிறவள். மட்டை பிடிக்கவும் அவளைத்தான் முன்னால் இறக்குவார்கள். எங்கள் சேலத்தில் கிரிக்கெட் என்றால் சின்னப்பம்பட்டி நடராஜன்தான். அவரை விட்டு அவள் கபிலிடம் போனது, பந்து மட்டை இரண்டும் அவளுக்கு வேண்டியிருந்ததால். சாந்தா ரங்கசாமி என்றேன். கேள்விப்பட்டதில்லை என்றாள். முப்பத்தைந்து வயதுவரை நானும் கேள்விப்பட்டதில்லை.

சாந்தா 1954இல் சென்னையில் பிறந்தவர், கர்நாடகத்துக்கு ஆடியவர். வலக்கை மட்டையாளர், மிதவேகப் பந்துவீச்சாளர். (ஆங்கிலத்தில் 'பேட்ஸ்மேன்' என்பதை மாற்ற 2021வரை காத்திருந்தார்கள். தமிழின் 'மட்டையாளர்' எப்போதும் இருபாலுக்கும் பொது. சொல்லில் இருந்த இடம் மைதானத்தில் இல்லை.) இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் 1973இல்தான் தொடங்கியது. 1976 அக்டோபர் 31 அன்று பெங்களூரில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக இந்தியப் பெண்களின் முதல் டெஸ்ட். அணித்தலைவர் சாந்தா. அடுத்த மாதமே பாட்னாவில் முதல் வெற்றி. கிரிக்கெட்டுக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் பெண்ணும் அவரே. 1977 ஜனவரியில் டனிடனில் நியூசிலாந்துக்கு எதிராக 108 ரன். இந்தியப் பெண் ஒருவரின் முதல் டெஸ்ட் சதம்.

அப்போது அவருக்கு வயது 23. அதே மாதம் பெர்த்தில் ஆஸ்திரேலியாவுடன் ஒரு டெஸ்ட் ஆடினார்கள். இந்தியப் பெண்கள் ஆடிய அடுத்த டெஸ்ட் 1984இல்.

ஒரு ஆல்ரவுண்டருக்கு உடம்பும் அனுபவமும் சேர்ந்து கைகொடுக்கிற வயது அது. 23இல் சதமடித்தவர் மறுபடி டெஸ்டில் இறங்கும்போது 30. நடுவில் 1982 உலகக் கோப்பைக்கு அணியை நியூசிலாந்துக்கு அழைத்துச் சென்றார் என்பதை மறக்கவில்லை. ஆனால் டெஸ்ட் என்ற பத்தியில் அந்த ஏழு ஆண்டுகளும் வெறுமை.

கபில்தேவ் 1978 முதல் 1994 வரை 131 டெஸ்ட் ஆடினார். சாந்தா 1976 முதல் 1991 வரை 16 டெஸ்ட்: 750 ரன், 21 விக்கெட். இருவரின் ஆட்டக்காலமும் ஏறக்குறைய ஒரே நீளம். ஆகவே அந்த 750ஐ அவருடைய திறமையின் அளவாக நான் படிப்பதில்லை. அவருக்குக் கிடைத்த வாய்ப்பின் அளவாகவே படிக்கிறேன். தமிழ்நாட்டின் சுதா ஷாவும் இதே தலைமுறை. அவர் 21 டெஸ்ட் ஆடியவர், 2005 உலகக் கோப்பை இறுதிப் போட்டிவரை போன அணியின் பயிற்சியாளர். அவர் பெயரையும் என் வகுப்பில் யாரும் சொன்னதில்லை.

தொழில்முறை ஆட்டக்காரர் என்ற சொல்லும் அவர்களுக்குப் பொருந்தாது. முன்பதிவில்லாத ரயில் பெட்டியில் போய், பொதுக்கூடத்தில் படுத்து ஆடியதைச் சாந்தாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சோறு போட்டது கனரா வங்கி வேலை. பெண்கள் கிரிக்கெட் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் கீழ் வந்தது 2006இல். ஆண்டு ஒப்பந்தம் 2015இல், ஆண்களுக்கு நிகரான ஆட்ட ஊதியம் 2022இல். 2017இல் வாரியத்தின் வாழ்நாள் சாதனையாளர் விருது, பெண்களில் முதலாவதாகச் சாந்தாவுக்குக் கொடுத்தார்கள். கடைசி டெஸ்ட் ஆடி 26 ஆண்டுகள் கழித்து.

இவ்வளவையும் பேருந்து நிறுத்தத்தில் சொல்ல முடியவில்லை. பாதிதான் சொன்னேன். அவள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"பேங்க்ல வேலை பாத்துக்கிட்டேவா ஆடினாங்க?"

"ஆமா."

"எங்கப்பாவும் பேங்க் எக்ஸாம் எழுதத்தான் சொல்றாரு. ஆனா, டிகிரி முடிஞ்சதும் கிரிக்கெட்டை விட்ரணுமாம்."

மலையிலிருந்து பேருந்து இறங்கி வந்தது. கிட்பேகை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு அவள் ஏறினாள்.