பான்சோடான் தெருவுக்கு வந்த ஓவியர்கள்

யாங்கூனில் கோடை மாசிக் கடைசியில் ஆரம்பித்துவிடும். சித்திரைப் பிறப்பை ஒட்டி வரும் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞானின்போது நகரமே கடையடைத்துத் தெருவில் நனையும். நகரின் நடுப்பகுதியான கியாக்டடாவில் மாநகர மண்டபத்தின் முன்னால் பெரிய பந்தல் எழும். அந்த நாட்களில் ஓவியக் காட்சி பார்க்க எவரும் வரமாட்டார். மே மாதம் பாதியானதும் மழை இறங்கி அக்டோபர் வரை நிற்காது. காகிதத்தில் பூசணம் பூக்கும். ஊரில் மின்சாரம் அதிகம் தடைப்படுவதும் வெயில் காலத்தில்தான். படம் மாட்ட நினைப்பவர் இத்தனைக்கும் நடுவே நாள் பார்க்க வேண்டும்.

லண்டனில் இந்தக் கவலை கிடையாது. ராயல் அகாடமி 1769 முதல் ஓர் ஆண்டும் தவறாமல் கோடைக் காட்சி நடத்திவருகிறது. 1949 முதல் 1954 வரை அந்த அகாடமியின் தலைவராக இருந்த ஜெரால்ட் கெல்லி இளமையில் பர்மாவுக்கு வந்து போனவர். எழுத்தாளர் சாமர்செட் மாமின் நெருங்கிய நண்பர். 1908-09இல் இங்கே தங்கி நடனப் பெண்களை வரைந்தார். ஊர் திரும்பிய பிறகும் அதே பெண்களைத் திரும்பத் திரும்பத் தீட்டினார். அவருக்கு முன்பே வந்த ராபர்ட் டால்பட் கெல்லி, பர்மாவைப் பற்றி எழுதி வரைந்த வண்ணப் புத்தகத்தை 1905இல் வெளியிட்டிருந்தார். இவர்கள் விருந்தாளியாக வந்தார்கள், பார்த்தார்கள், வரைந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். படங்களுக்குச் சுவரும் விலையும் கிடைத்தது கடலுக்கு அப்பால்.

எதிர்த் திசையில் கப்பலேறியவர் ஊ பா ஞான். 1921இல் அரசு உதவித்தொகையில் லண்டன் போய் ராயல் கலைக் கல்லூரியில் படித்தார். ஓவியர் ஃபிராங்க் பிராங்வினிடமும் கற்றார். எண்ணெய் வண்ணத்தை ஐரோப்பிய முறையில் கையாளும் தேர்ச்சியோடு திரும்பிய அவரிடமிருந்தே அன்று ரங்கூன் எனப்பட்ட யாங்கூன் ஓவியர்களின் ஒரு தலைமுறை பாடம் கற்றது. 1945இல் அவர் இறந்தார். ஆறு வருடம் கழித்து இன்னொருவர் படிக்கப் புறப்பட்டார். இந்த முறை திசை மேற்கு வங்காளம். 1951இல் சாந்திநிகேதன் சென்ற பாஜி அவுங் சோ, நந்தலால் போஸின் பள்ளியில் பார்த்ததைக் கொண்டு பத்திரிகைப் படங்களின் முகத்தையே மாற்றினார். படம் வாங்கக் காசில்லாத வாசகருக்கு அந்தப் பத்திரிகைப் பக்கமே கண்காட்சிச் சுவராக இருந்தது. அவருடைய படங்களைக் கிறுக்கல் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அதுவும் ஒரு வகை விளம்பரம்தான்.

கியாக்டடாவின் நடுவே வடக்கு தெற்காக ஓடுவது பான்சோடான் தெரு. ஆங்கிலேயர் காலத்தில் அதன் பெயர் ஃபேர் தெரு. வங்கிகளும் கப்பல் கம்பெனிகளும் வழக்கறிஞர்களும் குடியிருந்த தெரு அது. நம் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்த மொகல் தெரு அங்கிருந்து நடை தூரம்தான். பாக்தாத்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தைச் சேர்ந்த ஐசக் சோஃபேர், மெயர் சோஃபேர் சகோதரர்கள் 1906இல் இங்கே ஒரு கட்டடம் எழுப்பினார்கள். தரை ஓடு மான்செஸ்டரிலிருந்து வந்தது, இரும்பு உத்தரம் ஸ்காட்லாந்திலிருந்து. ராய்ட்டர் தந்தி அலுவலகம் அங்கே இருந்தது. வெளிநாட்டு மதுவும் எகிப்திய சிகரெட்டும் விற்றார்கள்.

1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கியும் கடையும் அரசுடைமையாயின. லட்சக்கணக்கான இந்தியர், அவர்களில் ஏராளமான தமிழர், கைப்பெட்டியோடு கப்பலேறினார்கள். ஃபேர் தெருவில் படம் வாங்கக்கூடிய கைகள் பெரும்பாலும் அவர்களோடு போய்விட்டன.

அந்த வறட்சியில்தான், 1971இல், சோஃபேர் கட்டடத்தின் மாடியில் ஓவியர்கள் சிலர் சேர்ந்து லோகநாத் கலைக்கூடத்தைத் திறந்தார்கள். சண்டையிட்ட சிங்கத்தையும் யானையையும் ஆடிப் பாடிச் சமாதானப்படுத்தியவர் என்று பர்மியர் சொல்லும் போதிசத்துவரின் பெயர் அது. உயரமான கூரை, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்கள். காட்சிகள் சில நாட்களே நடக்கும்; ஒருவர் படத்தை இறக்கினால் அடுத்தவர் ஆணியடிப்பார். நாட்டுக்குள் வரும் பயணிக்கு ஏழு நாள் விசா மட்டுமே தந்த காலம். வெளிநாட்டு ஓவியர் இங்கே வந்து தங்கி ஒரு பருவம் முழுக்கக் காட்சி நடத்துவது நடவாத காரியம். தூதரகத்தார் சிலரும் சுற்றுலாப் பயணிகளும் வாங்கினால்தான் ஓவியருக்கு வரும்படி.

காட்சிக்கு முதலில் வந்த பார்வையாளரோ அழையாமலே வந்தவர். திறப்பதற்கு முன்பு தணிக்கை அதிகாரிகள் வந்து சுவர் சுவராகப் பார்ப்பார்கள். நிர்வாண உருவம் ஆகாது. சிவப்பு அதிகமானால் அரசியல், கறுப்பு அதிகமானால் நாட்டைப் பற்றிய அவநம்பிக்கை. 1988 மக்கள் எழுச்சிக்குப் பிறகு ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூ சியின் சாயல் தெரிந்தால் படம் இறங்கும். வண்ணக் குழாயைத் திறக்கும்போதே அதிகாரியின் முகத்தை நினைத்துக்கொள்ள வேண்டிய நிலை.

நர்கிஸ் புயல் அடித்த 2008இல் அதே தெருவின் மேல்முனையில், முதல் மாடியில், அவுங் சோ மின்னும் நான்ஸ் கன்னிங்ஹாமும் பான்சோடான் கேலரியைத் தொடங்கினார்கள். சட்டமிட்டு அளந்து மாட்டிய அமைதியை அங்கே தேட முடியாது. சுவரில் இடமில்லாத படங்கள் தரையில் அடுக்கடுக்காகச் சாய்ந்திருக்கும், பழைய புகைப்படங்களும் அச்சுப் படங்களும் கூடவே. செவ்வாய்க்கிழமை இரவுகளில் ஓவியர், கவிஞர், ஊருக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரர் எல்லாரும் பீர் பாட்டிலோடு கூடினார்கள். ஸ்ட்ராண்ட் ஹோட்டலில் இருந்த ரிவர் கேலரியின் நேர்த்தியைப் பார்த்துவிட்டு இங்கே வருபவருக்கு முதலில் மூச்சு முட்டியிருக்கும். ஆனால் விருந்தாளிக்கும் வீட்டுக்காரருக்கும் இருந்த இடைவெளி அழிந்தது இந்த நெரிசலில்தான். 2012 ஆகஸ்டில் அச்சுக்கு முந்தைய தணிக்கை ஒழிந்தது. அரசியல் கைதியாக இருந்தபோது சிறைச் சீருடைத் துணியில் வரைந்த டைன் லின் போன்றவர்கள் யாங்கூனிலேயே வெளிப்படையாகக் காட்சி வைக்க முடிந்தது.

அந்தத் தளர்வு பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் மறுபடியும் ஆட்சியைக் கைப்பற்றியது. அந்த வெயில் காலத்தில் ஓவியர்கள் தார்ச்சாலையில் எழுதினார்கள், இரவில் கட்டடச் சுவர்களில் ஒளியால் படம் பாய்ச்சினார்கள். பிறகு பலர் கைதானார்கள். பலர் சியாங் மாய்க்கும் பாங்காக்குக்கும் ஐரோப்பாவுக்கும் போனார்கள். இப்போது அந்த ஊர்களின் கேலரிகளில் விருந்தாளி ஓவியர் அவர்கள்.

அவர்களில் ஒருவரான சாய், 2025 ஜூலையில் பாங்காக் கலை மையத்தில் சர்வாதிகார அரசுகளின் கூட்டுறவைப் பற்றிய காட்சியொன்றைத் தொகுத்தார். திறந்த சில நாட்களில் சீனத் தூதரகத்தாரும் மாநகர அதிகாரிகளும் வந்து பார்த்தார்கள். திபெத்திய, உய்குர், ஹாங்காங் கலைஞர்களின் பெயர்கள் கறுப்பு பூசி மறைக்கப்பட்டன. சில படைப்புகள் இறக்கப்பட்டன. சாய் தாய்லாந்தை விட்டு பிரிட்டனுக்குப் போய்ச் சேர்ந்தார்.